மூக்கக்கா பொறுப்பேற்ற கதை

கம்பளம் கழுவித் தரும் அந்தக் கொட்டகையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கக்கா என்றால்தான் தெரியும். மூக்கு அப்படியொன்றும் பெரிதில்லை. அதை வைத்துக்கொண்டு அவள் காட்டிய பந்தாதான் பெரிது.

வீடுகளிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் கம்பளங்கள் சுருட்டிக் கட்டி வந்து இறங்கும். முதலில் அவற்றைப் பார்ப்பவள் அவள்தான். தரையில் விரித்து, முழங்கால் போட்டு, கறையின் மேல் முகத்தைக் கவிழ்த்து, கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுப்பாள். கம்பளத்துக்குச் சொந்தக்காரர், நோயாளியைக் கூட்டி வந்தவர் மாதிரி கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நிற்பார்.

"காப்பி. பால் ஊத்தினது. மூணு நாள் ஆச்சு."

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"பதினேழு வருஷம்," என்பாள் மூக்கக்கா. அதற்கு மேல் விளக்கம் கிடையாது. எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, கறை எடுக்கும் அறைக்குள் போய்விடுவாள்.

இந்தத் திறமையால் ஒருமுறை பெரிய வம்பு வந்தது. கணவனும் மனைவியுமாகக் கொண்டுவந்த ஒரு கம்பளத்தை முகர்ந்துவிட்டு, "செண்டு. பொம்பளைங்க போடுறது. நல்ல ஒசந்த ரகம்," என்றாள். "நான் செண்டே போடறதில்லையே," என்றாள் அந்த மனைவி. கணவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் கம்பளம் கழுவப்பட்டு நான்கு மாதம் மூலையில் கிடந்தது. வாங்கிப்போக இரண்டு பேருமே வரவில்லை. அன்றிலிருந்து முதலாளி அவளிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "கறைய மட்டும் சொல்லுங்கக்கா. கதைய சொல்லாதீங்க."

முதலாளிக்கு நாற்பது வயதிருக்கும். நல்லவர். ஆனால் எதைச் சொன்னாலும் "பாத்துக்கலாம்" என்பார். கூரை ஒழுகுகிறது என்றால் பாத்துக்கலாம். வேன் கதவு கழன்று விழுகிறது என்றால் பாத்துக்கலாம். அவர் எதையும் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

கொட்டகை மூன்று பகுதியாக இருந்தது. தெருப்பக்கம் மூக்கக்காவின் கறை அறை. நடுவில் கழுவும் தளம். சிமெண்டுத் தரை சரிவாக இறங்கி ஒரு கால்வாயில் முடியும். அங்கே வேலை செய்தவர்கள் இரண்டு சகலைகள். அக்காவைக் கட்டியவர் பெரிய சகலை, தங்கையைக் கட்டியவர் சின்னச் சகலை. மாமியார் வீட்டில் தொடங்கும் சண்டையைக் கழுவும் தளத்தில் தொடர்வார்கள். கடைசியில், பின்சந்தைப் பார்த்தபடி, தூசி தட்டும் அறை. கழுவுவதற்கு முன்னால் கம்பளத்தைப் போட்டு உதறும் பெரிய உருளை இயந்திரம் அங்கே இருந்தது. அதை ஓட்டியவர் தூசி அண்ணன். இருபது வருடமாக அந்த இரைச்சலில் நின்றவர், தான் நன்றாகத்தான் கேட்கிறோம் என்றும் மற்றவர்கள்தான் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்றும் உறுதியாக நம்பினார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்துக்கு ஒருநாள் தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வாளர் வந்துவிட்டார். தட்டைச் செருப்பு போட்ட, சிரிக்காத ஒரு பெண்மணி. கையில் அட்டை, அட்டையில் தாள், தாளில் நிறையக் கட்டங்கள்.

ஈரத் தரையில் ஒரு செங்கல்லின் மேல் உட்கார்ந்திருந்த மின்சாரப் பெட்டியைப் பார்த்தார். எழுதினார். ஆணியில் தொங்கிய முகக்கவசத்தைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே ஒரு சிலந்தி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. எழுதினார். கறை அறையில் வரிசையாக நின்ற ஜூஸ் பாட்டில்களைக் காட்டி, "இதுல என்ன இருக்கு?" என்றார்.

மூக்கக்கா பெருமையாக ஒவ்வொரு மூடியாகத் திறந்து முகர்ந்து சொன்னாள். "இது பெயிண்ட் கறைக்கு. இது துரு எடுக்க. இது... ஆங், இது குடிக்கற தண்ணி."

ஆய்வாளர் அந்தக் கட்டத்தில் மிக நீளமாக எழுதினார். பிறகு நிமிர்ந்து, "இங்க பாதுகாப்புக்கு யாரு பொறுப்பு?" என்றார்.

முதலாளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. 'பாத்துக்கலாம்' என்பது வாய்வரை வந்து திரும்பிப்போனது தெரிந்தது. ஆட்களை ஒரு சுற்று பார்த்தார். பெரிய சகலை சின்னச் சகலையைப் பார்த்தார். சின்னச் சகலை கூரையைப் பார்த்தார். தூசி அண்ணன் கேள்வியே காதில் விழாமல் எல்லாருக்கும் பொதுவாக ஒரு புன்னகை புரிந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மூக்கக்கா, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாள்.

"இவங்கதான் மேடம்," என்றார் முதலாளி.

தூக்கிய கையை அவள் இறக்குவதற்குள் அவள் பெயர் அந்தத் தாளில் ஏறிவிட்டது. கூடவே ஒரு கையேடும் அவள் கைக்கு வந்தது. நாற்பத்தெட்டுப் பக்கம். "படிச்சு வைங்க. திரும்ப வருவேன்," என்றார் ஆய்வாளர். காற்றை வெளியேற்றும் மின்விசிறி ஒன்று கறை அறையிலும் ஒன்று கழுவும் தளத்திலும் போட வேண்டும் என்று முதலாளியிடம் தனியாகச் சொன்னார். முதலாளி பயபக்தியோடு தலையாட்டினார். ஆய்வாளரின் வண்டி தெருமுனை திரும்பியதும், "பாத்துக்கலாம்," என்றார்.

கையேட்டைப் பார்த்து அதிகம் சந்தோஷப்பட்டது அவள் வீட்டுக்காரர். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இருபத்து நான்கு வருடமாகப் பழகுநர் பக்கத்து இருக்கையில், தனக்கென்று வைத்த இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தே உட்கார்ந்தவர். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்திருந்தது. அவள் கொஞ்சம் வேகமாகப் பேசினாலே அவருடைய வலதுகால் தானாகத் தரையை அழுத்தும். விதிமுறை என்று அச்சடித்த எதைக் கண்டாலும் அவருக்குப் பசி மறந்துவிடும்.

"பதினெட்டாம் பக்கம். ஒரு அறைக்குள்ள விஷக்காத்து பரவிடுச்சு, உள்ள ஒருத்தர் மாட்டிக்கிட்டார். நீ என்ன பண்ணுவ?" என்று சாப்பிடும்போது கேட்பார்.

"ஓடிப்போய்த் தூக்குவேன்."

"தப்பு! நீயும் விழுவ. அப்புறம் ரெண்டு பேரைத் தூக்கணும். வெளியில இருந்து என்ன பண்ண முடியும்னு பாக்கணும். தலை எண்ணணும். மறுபடி சொல்லு."

"நான் கறை எடுக்கறவ. எனக்கெதுக்கு இதெல்லாம்?"

"பொறுப்பாளர்னு தாள்ல உன் பேரு ஏறியிருக்கே. மறுபடி சொல்லு."

சொல்லித் தொலைத்தாள். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்ததே!

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முதலாளி எங்கிருந்தோ வாங்கிவந்த ஆரஞ்சு நிற மேல்சட்டையை மாட்டிக்கொண்டதும் அவளுக்குள் ஏதோ ஏறிவிட்டது. சட்டை முழங்கால்வரை தொங்கியது. அதனாலென்ன, தூரத்திலிருந்தே தெரிந்தது. முதல் வாரத்தில் தரையெங்கும் மஞ்சள் கோடு போட்டாள். ஜூஸ் பாட்டில்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, மருந்துகளைச் சரியான கேன்களில் ஊற்றிச் சீட்டு ஒட்டினாள். மின்சாரப் பெட்டியைச் செங்கல்லிலிருந்து எடுத்துச் சுவரில் ஏற்றினாள். சகலைகளுக்கு ரப்பர் பூட்ஸ். நனைந்த கம்பளம் கல் மாதிரிக் கனக்கும். அதை ஒரே ஆளாகத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதைச் சின்னச் சகலை ஒரு வீரமாக வைத்திருந்தார். அதற்குத் தடை. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும்.

"அவரோட சேந்தா?" என்றார் சின்னச் சகலை.

"மாமியார் வீட்டுச் சண்டைய வாசல்ல கழட்டி வெச்சுட்டு வாங்க. கம்பளத்துக்கு அதெல்லாம் தெரியாது."

தூசி அண்ணனுக்குக் காதுமூடி வாங்கிக் கொடுத்தாள். அவர் அதை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"காதுல மாட்டுங்கண்ணே!"

"சாப்பிட்டாச்சும்மா, இப்பதான்," என்றார் தூசி அண்ணன்.

ஊருக்கெல்லாம் இப்படிச் சட்டம் போட்டவள், தன் அறைக்குள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு முகக்கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவாள். மருந்து நெடி கண்ணைக் கரிக்கும். ஜன்னலைத் திறந்தால் காற்றடித்து வாசனை கலைந்துவிடும் என்று அதையும் திறப்பதில்லை. பெரிய சகலை ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டார்: "எங்களுக்கு மட்டும்தானாக்கா இதெல்லாம்?"

"டாக்டர் காதுல இருக்கறதக் கழட்டி வெச்சுட்டு நெஞ்சுச் சத்தம் கேப்பாரா? என் மூக்க மூடிட்டு நான் எப்படிக் கறை பாக்கறது?" என்று வாயடைத்தாள். மின்விசிறி விஷயத்தை முதலாளி மறந்தது அவளுக்கும் வசதியாகப் போயிற்று. அவளும் ஞாபகப்படுத்தவில்லை.

அப்புறம்தான் பால் கருகிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அதற்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். வெளியே போயிருந்த வீட்டுக்காரர் படியேறும்போதே "என்ன கருகுது?" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து அடுப்பை அணைத்தார். பாத்திரம் கரி. அறை முழுக்கப் புகை. அவள் மடித்த துணியோடு விழித்துக்கொண்டு நின்றாள்.

"ஏதோ யோசனைல இருந்துட்டேன்," என்றாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. வலதுகால் மட்டும் தரையை லேசாக அழுத்தியது.

அவர் குளிக்கப் போனதும் அவள் சமையலறை டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூக்கில் வைத்துப் பார்த்தாள். காப்பித் தூள், ஏலக்காய், சோப்பு, கடைசியாக மண்ணெண்ணெய் பாட்டில். எல்லாம் ஒன்றுதான். வெறும் காற்று. சுவரை முகர்ந்த மாதிரி இருந்தது. எத்தனை நாளாக இப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. ஜலதோஷம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஜலதோஷம் இரண்டு மாதம் நீடித்தது.

வேலையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. எப்படிச் சொல்வது? மூக்கக்காவிடமிருந்து மூக்கை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? ஒரு பெரிய ஆரஞ்சுச் சட்டை. அதனால் வித்தை காட்டத் தொடங்கினாள். பழையபடி முழங்கால் போட்டு, கண்ணை மூடி இழுப்பாள். ஆனால் மூடியதுபோல் மூடி, இமை இடுக்கு வழியாகக் கறையின் ஓரத்தைப் பார்ப்பாள். விரலால் தடவிப் பார்ப்பாள். பேச்சுக் கொடுத்துப் பார்ப்பாள். "வீட்டுல சின்னக் குழந்தைங்க இருக்கா?" "விருந்தாளி யாராவது வந்தாங்களா போன வாரம்?" பாதி பேர் கேட்காமலே எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவார்கள். கடைசியில் அவள் அதையே திருப்பிச் சொல்வாள். அவர்களும் வாயைப் பிளப்பார்கள்.

ஒருநாள் மட்டும் சறுக்கியது. ஒரு வயதான மனிதரின் கம்பளத்தைப் பார்த்துவிட்டு, "பூனை," என்றாள் உறுதியாக.

"எங்க வீட்டுல பூனை இல்லையேம்மா."

"பக்கத்து வீட்டுப் பூனையா இருக்கும். ஜன்னல் வழியா வந்திருக்கும்."

"நாங்க இருக்கறது ஒன்பதாவது மாடி."

"இந்தக் காலத்துப் பூனைங்களச் சொல்ல முடியாது," என்று சொல்லிவிட்டுக் கறை அறைக்குள் புகுந்துகொண்டாள். அது தேநீர்க் கறை. முதலாளி அன்று முழுக்க அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு வழக்கம்போல, பாத்துக்கலாம் என்று விட்டுவிட்டார்.

அந்த வாரமே வினை வந்தது. காலை பதினோரு மணி இருக்கும். சகலைகள் இருவருக்கும் அன்று பேச்சுவார்த்தை இல்லை. மாமியாரை மருத்துவமனைக்கு யார் கூட்டிப்போவது என்று முந்தின நாள் மூண்ட சண்டை. முதுகைக் காட்டிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் வேலை பார்த்தார்கள். பெரிய சகலை வெள்ளைப் பருத்திக் கம்பளங்களை வெளுப்பு மருந்தில் ஊறவைத்திருந்தார். சின்னச் சகலை கம்பளி விரிப்புகளுக்குக் கடைசி அலசலுக்காகத் தொட்டியில் ஆசிட் கலந்திருந்தார். இரண்டு தண்ணீரும் ஒன்றாகக் கால்வாயில் போகக் கூடாது. ஒருவர் கொட்டப்போகும்போது மற்றவரிடம் சொல்ல வேண்டும் என்பது மூக்கக்கா சுவரில் எழுதிப் போட்ட சட்டம். ஆனால் அன்று சொல்வதற்கு வாய் வேண்டுமே! அவர் கொட்டினார். இவரும் கொட்டினார். மஞ்சள் கலந்த ஒரு பச்சைப் புகை கால்வாயிலிருந்து மெல்ல எழுந்தது.

கறை அறைக் கண்ணாடி வழியாக மூக்கக்கா கண்டது, சகலைகள் இரண்டு பேரும் ஒருவர்பின் ஒருவராகப் பக்கவாசலைப் பார்த்து ஓடுவதைத்தான். சரி, கைகலப்பு வரைக்கும் வந்துவிட்டது என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. குனிந்து வேலையைத் தொடர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கண் எரிந்தது. மருந்து தெறித்துவிட்டதென்று துடைத்துக்கொண்டாள். தொண்டையில் முள் மாதிரி ஏதோ குத்தியது. இருமினாள். மறுபடி நிமிர்ந்து பார்த்தபோது கழுவும் தளத்துத் தரையில் புகை பாய் விரித்தமாதிரிப் படர்ந்து, அவள் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

எந்த நெடியும் தெரியவில்லை. அதுதான் அவளை நடுக்கியது.

ஈரத் துணியை வாயில் பொத்திக்கொண்டு தெருவாசல் வழியாக வெளியே பாய்ந்தாள். முன்பக்கம் அலுவலக மேசையில் இருந்த முதலாளியையும் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பக்கத்துச் சந்து வழியாகச் சகலைகள் இருமிக்கொண்டே வந்து படியில் விழுந்தார்கள். ஒருவர் முதுகை ஒருவர் தடவிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தலை எண்ணு என்று வீட்டுக்காரரின் குரல் காதுக்குள் கேட்டது. எண்ணினாள். நாலு.

"தூசி அண்ணன் எங்கே?"

உள்ளே உருளை இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பின்சந்துக்கு ஓடினாள், முதலாளியும் பின்னால் ஓடிவந்தார். தூசி தெருவுக்குப் போகிறது என்று அக்கம்பக்கத்தார் சண்டை போட்டதால், தூசி அறையின் ஷட்டரை அண்ணன் எப்போதும் உள்பக்கம் தாழ் போட்டிருப்பார். இரண்டு பேரும் இரும்பில் ஓங்கி ஓங்கி அடித்தார்கள். அந்த இரைச்சலில், அந்தக் காதுகளுக்கு, அது எங்கே கேட்கப்போகிறது?

"நான் உள்ள போறேன்," என்று முதலாளி பக்கவாசலைப் பார்த்துக் கிளம்பினார்.

மூக்கக்கா அவர் காலரைப் பிடித்து நிறுத்தினாள். "போகாதீங்க தம்பி! நீங்களும் விழுவீங்க. அப்புறம் ரெண்டு பேரைத் தூக்கணும்."

"அப்ப என்னக்கா பண்றது?"

அவளுக்கும் தெரியவில்லை. எதற்கு அந்த மனிதர் அறையைவிட்டு வெளியே வருவார்? சாப்பாட்டுக்கு வருவார். அப்புறம், கரண்ட் போனால் வருவார். வந்து எல்லாரையும் திட்டுவார். திரும்பித் தெருப்பக்கம் ஓடினாள். முன்சுவரின் வெளிப்பக்கம் தகரப் பெட்டிக்குள் இருந்த பெரிய சுவிட்சை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள். தடதடப்பு குறைந்து, முனகி, நின்றது.

மறுபடி அவள் சந்துக்கு வருவதற்குள் ஷட்டர் கிறீச்சிட்டு மேலேறியது. கழுத்தில் காதுமூடியோடு, தலையெல்லாம் தூசியோடு அண்ணன் வெளியே வந்தார். "எவன்டா மெயினப் புடுங்கினது? பாதிக் கம்பளம் உள்ள இருக்கு!" என்று கத்தினார். பிறகு அவருக்குப் பின்னால் உள்கதவின் அடியில் பச்சையாக நெளிந்துவந்ததைப் பார்த்து, "இதென்ன?" என்றார். அப்புறம் யாரும் சொல்லாமலே ஓடினார்.

தீயணைப்பு வண்டி வந்தது. சகலைகளை மருத்துவமனைக்கு எடுத்துப்போய்ப் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டு ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் இரண்டு பேரும் திரும்பிவிட்டார்கள். ஒன்றாகவே ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பெரிய சேதம் இல்லை.

மூன்றாம் நாள் ஆய்வாளர் வந்தார். அதே தட்டைச் செருப்பு, அதே அட்டை. எல்லாரையும் வாசலில் நிறுத்தி விசாரித்தார். விபத்துப் பதிவேட்டை மூக்கக்கா கையில் கொடுத்து, பொறுப்பாளர் அவளே எழுத வேண்டும் என்றார். "முதலில் எப்படித் தெரிய வந்தது?" என்று ஒரு கட்டம். மூக்கக்கா 'வாசனை வந்த உடனே' என்று எழுதினாள். பேனா அங்கேயே நின்றது. 'வாசனை வந்த உடனே' ஓடியிருந்தால் புகை கதவிடுக்கில் நுழையும்வரை ஏன் உட்கார்ந்திருந்தாள்? அவளுக்கு முன்னால் இரண்டு பேர் ஓடியதைப் பார்த்தும்? ஆய்வாளர் இதைக் கேட்காமல் விடுபவர் இல்லை. அதைவிட, நாளைக்கு வேறொன்று கசிந்தால், 'மூக்கக்கா பக்கத்தறைல இருக்கா, மொதல்ல அவளுக்குத் தெரியும்' என்று நம்பி நாலு பேர் நிம்மதியாக வேலை பார்ப்பார்களே.

எழுதியதை அடித்தாள்.

"மேடம், எனக்கு வாசனை தெரியல," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அன்னிக்கு மட்டுமில்ல. ரெண்டு மாசத்துக்கு மேலயே எதுவும் தெரியல."

முதலாளியின் வாய் திறந்தது, மூடியது. பூனை அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"என்ன சொல்லுது அக்கா?" என்று தூசி அண்ணன் சின்னச் சகலையைக் கேட்டார்.

"வாசனை தெரியலையாம்," என்றார் அவர் மெதுவாக.

"என்னது?"

"வாசனை! தெரியலையாம்! மூக்கு போயிடுச்சாம்!" என்று சின்னச் சகலை முழுக் குரலில் கத்தியதில், எதிர்ச்சாரிக் கடைக்காரர்கள்கூட வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள். பதினேழு வருடக் கௌரவம் அந்தத் தெருவில் அப்படி ஒலிபரப்பானது. மூக்கக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மருந்து நெடி என்று சொல்லவும் வழியில்லை. அவர்கள் நின்றது வெளியில்.

தூசி அண்ணன் அவள் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு, "அதுக்கா அழுவற? எனக்குக்கூடத்தான் காது கேக்கல," என்றார் உரக்க.

இருபது வருடத்தில் முதல்தடவையாக அதை அவர் வாயால் கேட்டார்கள். அவரும் சொன்னபிறகுதான் அதைக் கேட்டவர் மாதிரிச் சங்கடமாகச் செருமினார். "ரொம்ப நாளாவே கேக்கல. உங்க வாயசைவ வெச்சு ஓட்டிக்கிட்டிருக்கேன். நீ கரண்ட நிறுத்தலேன்னா நான் அங்கேயே கெடந்திருப்பேன்."

ஆய்வாளர் இரண்டையும் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார். "நீங்க ரெண்டு பேரும் இந்த வாரமே டாக்டரப் பாக்கணும். கம்பெனி செலவு," என்றார். முதலாளி பக்கம் திரும்பினார். "மின்விசிறி போட்டு முடிக்கற வரைக்கும் இந்த இடம் மூடியிருக்கும். எப்ப போடறீங்க?"

முதலாளியின் உதடு 'பா' என்று குவிந்தது. ஆய்வாளர் அவரைப் பார்த்தார்.

"நாளைக்கு மேடம்," என்றார் முதலாளி.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் வார்த்தை கூட்டிக்கொண்டு போனாள் மூக்கக்கா. அவர் வாசல்படியில் உட்கார்ந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மூக்கு..."

"தெரியும்," என்றார் அவர்.

"எப்படி?"

"பால் கருகின அன்னிக்கே. அதுலேருந்து தெனமும் கிளம்பறதுக்கு முன்னாடி கேஸ் அடுப்ப நான்தான் மோந்து பாத்துட்டுப் போறேன்."

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலையே?"

"ஓட்டறவங்க கைல ஸ்டியரிங் இருக்கறப்ப நான் புடுங்கினதே இல்ல. பிரேக் மேல மட்டும் கால வெச்சிருப்பேன்," என்றார்.

அவளுக்குத் திட்டவும் தோன்றியது, சிரிக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்தாள். பிறகு அவரைத் தள்ளி உட்காரச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மூடிய அறையில் வருடக்கணக்காக மருந்து நெடியைக் குடித்தால் மூக்கு என்ன செய்யும் என்றார் டாக்டர். கொஞ்சம் திரும்பலாம், முழுசாக என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார். ஆறேழு மாதத்தில் சிலது திரும்பியது. நல்ல வாசனைகள் முதலில் வரும் என்று ஆசையோடு காத்திருந்தவளுக்கு, முதலில் வந்தது நனைந்த கம்பளி. அடுத்தது வீட்டுக்காரரின் காலுறை. பூக்கள் இன்றுவரை மௌனம்தான். தூசி அண்ணனுக்குக் காதில் ஒரு கருவி வைத்தார்கள். அவர் மனைவி இரண்டு நாள் சந்தோஷப்பட்டாள். மூன்றாம் நாள், தான் முணுமுணுப்பதெல்லாம் அவருக்குக் கேட்டுவிடுகிறது என்று கறை அறைவரை வந்து மூக்கக்காவிடம் புகார் சொல்லிவிட்டுப் போனாள்.

கறை அறையில் இப்போது மின்விசிறி சுழல்கிறது, ஜன்னல் திறந்திருக்கிறது, முகக்கவசம் முகத்திலேயே இருக்கிறது. கறைகளை அவள் ஒரு பூதக்கண்ணாடியும் விளக்கும் வைத்துப் பார்க்கிறாள். வாடிக்கையாளரிடம் நேராகவே கேட்டுவிடுகிறாள்: "என்ன கொட்டினீங்க?" இதில் பந்தா இல்லை. ஆனால் தப்பும் இல்லை. பெயர் மட்டும் மாறவில்லை. மாற்ற வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

போன மாதம் முதலாளி ஒரு புது இயந்திரம் வாங்கினார். ஆள் உயர நீளக் குழாய். கழுவிய கம்பளத்தைச் சுருட்டி உள்ளே தள்ளினால் சுழன்று தண்ணீரைப் பிழிந்து எறிந்துவிடும். முதலாளி அதற்கு மாலை போடாத குறை. சகலைகள் ஆளுக்கொரு பக்கம் நின்று அதைத் தடவிக்கொடுத்தார்கள். மூக்கக்கா ஆரஞ்சுச் சட்டையோடு வந்து, வெறும் குழாயை ஓடவிட்டு, தூரத்திலிருந்து ஒரு கம்பால் மூடியை நெம்பினாள். மூடி திறந்தது, குழாய் நிற்காமல் சுற்றிக்கொண்டேயிருந்தது.

"மூடி தொறந்தா மெஷின் நிக்கணும். நிக்கல. கை போயிடும்," என்று சொல்லி, சுவிட்சில் ஒரு பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அக்கா, ஒரு ஓட்டல்காரங்க நாப்பது கம்பளம் அனுப்பியிருக்காங்கக்கா! மூடியத் தொறக்காம ஓட்டிக்கலாம். கம்பெனிக்காரன் வரட்டும், அப்புறம் பாத்து..." முதலாளி பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"வரட்டும். வந்து சரி பண்ணட்டும். அதுவரைக்கும் வெயில்ல காயும்."

"இங்க முதலாளி நீங்களா, நானா?"

"நீங்கதான் தம்பி. அதுல என்ன சந்தேகம்?" என்றாள் மூக்கக்கா. "பொறுப்பாளர்னு எழுதிக் கொடுத்தது மட்டும் என் பேரு."

முதலாளி கொட்டகையை இரண்டு சுற்று சுற்றினார். ஆகாயத்தைப் பார்த்தார், மேகமில்லை. தொலைபேசியை எடுத்து இயந்திரக் கம்பெனிக்காரனை ஒரு பிடி பிடித்தார். சகலைகள் முதல் கம்பளத்தின் இரண்டு முனையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு," என்று சேர்ந்து எண்ணி, தூக்கிக்கொண்டு கொடியைப் பார்த்து நடந்தார்கள். மூக்கக்கா இயந்திரம் வந்திருந்த மரப்பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிடத் தொடங்கினாள்.